ஐந்தாவது சரணம்

செக்கச் சிவந்த தேரி மணலுக்கு நடுவே ஆறுதல்புரம் என்றொரு ஊர் இருந்தது, இன்றும் இருக்கிறது. மார்கழி பிறந்த பிறகும் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் வேதக்கோயிலுக்குப் போகமுடியாத அந்த ஊரில், உறைபனியைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லாத காலத்திலேயே உறைபனியைப் பற்றிய பாட்டு ஒன்று இருந்தது. ஊரை உண்டாக்கிய வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் தன் தேசத்துக் குளிரை நினைத்து ஏங்கி ஏங்கி அதைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு, இதே மணலுக்குள் அடங்கிப்போனார் என்று சொல்வார்கள். அவருக்குப் பின் வந்தவர்கள் பனி என்றால் ஏதோ பஞ்சு போன்றது என்று எடுத்துக்கொண்டு, சவுக்குக் கிளையை வெட்டி வந்து நட்டு, லிங்கதுரை கடையில் வாங்கிய பஞ்சை அதன்மேல் பிய்த்து ஒட்டி, கழுத்தில் வியர்வை வழிய வழிய, ஐந்து சரணமும் குறையாமல் அந்தப் பாட்டைப் பாடி வந்தார்கள்.

ஐந்து சரணமும் குறையாமல் என்பதுதான் அந்த ஊரின் சட்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை கேரல் குழு வீடு வீடாகப் போகும்போது, ஒரு வீட்டில் முழுப் பாட்டையும் பாடிவிட்டு அடுத்த வீட்டில் இரண்டு சரணத்தோடு நிறுத்தினால், அந்த வீட்டார் தட்டில் வைத்த முந்திரிக்கொத்தை நீட்டும்போதே முகம் கோணிவிடும். கல்யாண வீட்டில் பந்தியில் இடம் கொடுக்காததை மறந்தவர்கள்கூடச் சரணம் குறைந்ததை மறந்ததில்லை. எந்த வருஷம், எந்தப் பாட்டு, யார் வீட்டில் அரைகுறையாய் நின்றது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்பார்கள். ஆகையால் பாடகர் குழுவை நடத்துகிறவருக்குக் குரல் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நியாயமும் வேண்டியிருந்தது, அந்த நியாயம் மேபல் டீச்சரிடம் நிறையவே இருந்தது.

மேபல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தாய் சீக்கிரமே போய்விட்டதால் தங்கை பியூலாவை மடியில் போட்டு வளர்த்தவள் அவள்தான், பாடச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். கோயிலில் தங்கையை முன்னால் நிறுத்தி, தான் பின்னால் நின்று, அவள் தோளில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டிய இடத்தில் பியூலா இரண்டாம் குரலை எடுப்பாள், எடுத்த குரல் அக்காவின் குரலுக்கு அடியில், வீட்டுக்கு அடியில் அஸ்திவாரம் கிடப்பதுபோல, வெளியே தெரியாமல் கிடந்து எல்லாவற்றையும் தாங்கும். பியூலா நர்ஸ் படிப்பு முடித்து, ரூபனைக் கட்டி, இருவருமாகப் பின்லாந்து தேசத்தின் வடகோடியில் ஓர் ஏரிக்கரை ஊருக்கு முதியோர் இல்ல வேலைக்குப் போனபிறகு, அந்தப் பாட்டு ஆறுதல்புரத்தில் ஒரு கால் நொண்டி நடந்தது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். அடுத்த வருஷம், "போன்லயே பாடச் சொல்லுங்க டீச்சர், ஸ்பீக்கர்ல போட்டாப் போச்சு" என்று கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை ஞானாபரணம் யோசனை சொன்னார்.

மேபல் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க, அக்கா இங்கிருந்தும் தங்கை அங்கிருந்தும் சேர்ந்து பாட, முதல் வீட்டு முற்றத்தில் முதல் சரணம் முடிவதற்குள் பனி பெய்தது.

அது பாட்டின் சத்தம் எட்டுகிற மட்டும் பெய்தது, சத்தம் எட்டாத இடத்தில் பெய்யவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளாடு காய்ந்த முதுகோடும், இந்தப் பக்கம் நின்ற வெள்ளாடு வெளுத்த முதுகோடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வீட்டுக்கார அம்மா ஓடிவந்து, கொடியில் கிடந்த துணிகளை உருவிக்கொண்டு, "பாடுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்று கோபித்தாள். ஞானாபரணம் குடையை விரித்தார். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டியிருந்த லாரி டிரைவர், வருஷா வருஷம் மூன்றாம் வீட்டிலேயே மயங்கிச் சரிகிறவர், அன்றைக்குக் கடைசி வீடு முடிந்த பிறகும் உடுப்பைக் கழற்றமாட்டேன் என்று அதோடேயே வீட்டுக்குப் போனார்.

ஊர் அதை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. பெண்கள் ஓலைப்பெட்டியில் வாழையிலை விரித்துப் பனியைப் பிடித்து, கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மீன்காரர் தன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு பல்லவி மட்டும் இதுக்கு மேல பாடுங்க தாயி, வேளா மீன் விறைச்சு நிக்கட்டும்" என்று குழுவின் பின்னாலேயே சைக்கிளை உருட்டினார். பஞ்சு விற்காமல் போன லிங்கதுரை, குரங்குக் குல்லாவும் மப்ளரும் வாங்கி வந்து மாட்டிவைத்து முன்னைவிட நன்றாக வியாபாரம் செய்தார். இப்போதிருந்த சபை ஐயர் ஸ்தோத்திர ஜெபத்தில் மழைக்கு அடுத்தபடியாகப் பனியையும் சேர்த்துக்கொண்டார். சுடலைமாடன் கோயில் கொடை நடத்துகிற வீட்டாரும் எப்போதும்போலக் கேரல் குழுவை வாசலுக்கு அழைத்தார்கள், அங்கேயும் ஐந்து சரணமும் பாடப்பட்டு, அங்கேயும் பனி எல்லா வீட்டையும்போலப் பெய்தது. பனி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. வெளிதேசத்துக்குப் போனவர்கள் சோப்பும் சாக்லேட்டும் அனுப்புவதில்லையா, டீச்சர் தங்கச்சி பனி அனுப்புகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

எங்கிருந்து வருகிறது என்பது மேபலுக்கு மட்டும் முதல் பனிக்கு மறுநாளே தெரிந்தது.

"அக்கா, இங்க என்ன நடந்திச்சு தெரியுமா?" என்று பியூலா போனில் சிரித்தாள். "பாடி முடிச்சுக் கதவைத் தொறந்தா வாசல்ல கிடந்த பனியெல்லாம் தண்ணியா ஓடுது. சன்னல் விளிம்புல சிவப்பு மண்ணு. காய்ஞ்ச ஓலை வாசம். இல்லத்துல இருக்க தாத்தாமாரு எல்லாம் பனியனோட வெளிய வந்து உக்காந்துட்டாவ."

"நம்ம வெயிலாட்டி அது?"

"நம்ம வெயிலேதான். நான் போயி அதுல நின்னேங்கா. ஊருக்கு வந்த மாதிரி இருந்திச்சு."

அந்தச் சிரிப்பை மேபல் பல நாள் மனசுக்குள் வைத்திருந்தாள். கொடுத்ததும் வாங்கியதும் சரியாய்ப் போயிற்று என்று கணக்கு டீச்சர் தனக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டாள். ஒருவர் வீட்டு வெயிலுக்கு இன்னொருவர் வீட்டில் என்ன வேலை என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த வருஷம் பியூலாவின் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. "இந்தத் தடவை கொஞ்சம் கொறச்சுப் பாடுவோமாக்கா? இங்க குளிர்காலத்துல ஏரிதான் ரோடு. எங்க வீட்டுக்காரவிய லீவு நாள்ல ஏரிக்கு நடுவுல இருக்க தீவுக்குப் பனிவண்டியில பாலும் ரொட்டியும் கொண்டுபோறாவ. போன தடவை கரையோரம் எல்லாம் நெகிழ்ந்து கிடந்திச்சின்னு சொன்னாவ."

"உனக்கு மாசக்கணக்காக் கிடக்க பனிதானட்டி. எங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம். அதுல என்ன கொறஞ்சிரப் போகுது?"

பியூலா மெதுவாக, "உங்களுக்குப் பனி சோடனை. இங்க அது தரைக்கா" என்றாள்.

மேபல் அதைக் கேட்டாள், கேட்டதைப் புரிந்துகொண்டதாகவும் நினைத்தாள். ஆனால் பிறந்ததிலிருந்து காலுக்கு அடியில் மணலை மட்டுமே கண்டவள் அவள். தரை உருகும் என்பது அவளுக்கு வார்த்தையாகத்தான் தெரிந்ததே தவிர, பயமாகத் தெரியவில்லை. தங்கைக்கு இரக்கப்பட்டு, அந்த வருஷம் கடைசியாக இருந்த செல்லப்பூ வீட்டில் மட்டும் இரண்டு சரணத்தோடு நிறுத்திக்கொண்டாள். குறைந்த பாட்டின் பனி செல்லப்பூவின் வாசல் நடையில் மட்டும் தங்கி, முற்றத்தில் விழுந்தது எல்லாம் அப்போதே கரைந்துவிட்டது.

அன்று செல்லப்பூவின் வீட்டுக்கு மகளைப் பெண் பார்க்க வந்திருந்தவர்கள், தெருவெல்லாம் வெளுத்துக் கிடக்க இந்த ஒரு முற்றம் மட்டும் சிவப்பாய்க் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பிவரவில்லை. அவர்கள் வராததற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். செல்லப்பூ அதை ஏற்கவில்லை. ஓர் ஆண்டு முழுதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு வரும்போது மட்டும் எழுந்து வெளியே போய் நின்றாள். மேபலை வழியில் கண்டால், "என்ன டீச்சர், ரெண்டு சரணத்துல பாடம் முடிஞ்சிட்டா?" என்பாள். தன் வாழ்க்கையில் ஒரு பிள்ளைக்கும் அரை மார்க் குறைத்துப் போட்டறியாத மேபலுக்கு அந்தக் கேள்வி முள்ளாய்த் தைத்தது. கடைசியில் ஒருநாள் செல்லப்பூவின் வீட்டுக்கே போய், "வார கிறிஸ்துமஸுக்கு ஒங்க வீட்டுல அஞ்சு சரணமும் பாடுவேன். இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸும் வந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வீடு பனி முன்னைவிட அடர்த்தியாய் விழுந்தது. டிரம் அடிக்கிறவருக்கு விரல் விறைத்தது. கிடார்க் கம்பியில் வெள்ளைத் துளிகள் உட்கார்ந்தன. வாசலில் தொங்கிய காகித நட்சத்திரங்கள் கனத்துத் தாழ்ந்தன. கைப்பேசியில் பியூலாவின் குரல் ஒவ்வொரு வீட்டிலும் ஒழுங்காய் வந்து சேர்ந்துகொண்டிருந்தது, ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவள் மூச்சு வாங்குவது கேட்டது. கடைசிக்கு முந்தின வீட்டில் பாடி முடித்து, குழுவினர் அச்சுமுறுக்கைக் கடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியபோது அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, ஸ்பீக்கரை அமத்திட்டுக் காதுல வையி."

மேபல் வைத்தாள்.

"போதும்கா. இத்தோட நிறுத்துவோம். அவிய மத்தியானமே தீவுக்குப் போனாவ, இன்னும் வரல. இங்க வெயில் அடிக்குது. இந்த மாசம் சூரியனே வராத ஊருல்லா இது, வெயில் அடிக்குது. ஏரி சத்தம் போடுது."

"சத்தம் போடுதுன்னா?"

"முனங்குதுக்கா. நோயாளி முனங்குத மாதிரி."

மேபல் நிமிர்ந்து பார்த்தாள். தெருவின் கடைசியில் செல்லப்பூ, பட்டுச்சேலை கட்டி, முற்றத்தில் சாணி தெளித்துக் கோலம் போட்டு, வெளியூரில் இருந்து வந்த உறவுக்காரர்களை எல்லாம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மகளோடு வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தலைநிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். அவர்கள் முன்னால் போய் நின்று பாடமுடியாது என்று சொல்லும் வார்த்தையை மேபல் தனக்குள் தேடினாள். அந்த வார்த்தை இருந்தது. அதைச் சொன்னால் ஒரு குடும்பம் ஆயுளுக்கும் மன்னிக்காது, அவ்வளவுதான். அதை அவள் பின்னாளில் எத்தனையோ தடவை நிறுத்துப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் அது ஒரு பிடி உமியின் கனம்தான் இருந்தது. அன்றைக்கு மட்டும் அது மலையாய்க் கனத்தது.

"ஒரே ஒரு வீடுட்டி. செல்லப்பூ வீடு மட்டும். வாக்குக் குடுத்திருக்கேன். மாப்பிள்ளை விவரமானவுக, கரையோரமாப் பாத்து வந்திருவாக."

"அக்கா…"

"நீ பாடலன்னா பனி வராது. போன வருஷம் மாதிரி அந்தப் பிள்ள முற்றம் செவப்பாக் கிடக்கணுமா? நான் சொல்லுதேன்லா, பாடு."

செல்லப்பூவின் முற்றத்தில் மேபல் சுருதி கொடுத்து, கைப்பேசியை உயர்த்தி, இன்னொரு கை விரலால் அதன் முதுகில் தன்னையறியாமல் ஒரு தட்டுத் தட்டியபோது, இரண்டாம் குரல் எழுந்தது. மடியில் போட்டு வளர்த்தவள் சொன்னால் மறுக்கத் தெரியாத குரல் அது.

முதல் சரணத்தில் பனி விழுந்தது, இரண்டாவதில் கோலம் மறைந்தது, மூன்றாவதில் செல்லப்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான்காவதில் உறவுக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்கள். ஐந்தாவது சரணத்தின் நடுவில் பியூலாவின் குரல் நின்றது. கம்பி அறுந்ததுபோல் நிற்கவில்லை. வாயைத் திறந்தவர் எதையோ பார்த்துவிட்டுத் திறந்த வாயோடு நிற்பதுபோல் நின்றது. மேபல் நிறுத்தவில்லை. அந்த ஊரில் பாட்டை நடுவில் நிறுத்துவதில்லை. ஒற்றைக் குரலிலேயே கடைசி வரி வரைக்கும் பாடி முடித்து, ஆமென் சொன்னாள்.

அப்போது வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. காலுக்கு அடியில் முற்றம் நீலமாய் இறுகியது. சுவரிலிருந்து சுவர் வரைக்கும், ஒரு முழம் கனத்தில், கண்ணாடிபோல் ஒரு பாளம், அதற்குள் குமிழிகள் உறைந்து நிற்க, சிவந்த மண்ணின்மேல் அழுத்தமாய் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கூவிக்கொண்டு அதன்மேல் சறுக்கினார்கள். "பாத்தீயளா! யாரு வீட்டுக்கும் வராதது எங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்று செல்லப்பூ உறவுக்காரர்களிடம் சொன்னாள், சொல்லிவிட்டு மேபலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

மேபல் ஒரு கையை விடுவித்துக் கைப்பேசியைக் காதில் வைத்தாள். அங்கே காற்று அடித்துக்கொண்டிருந்தது. பனைகளுக்கு நடுவில் புகுந்து ஓலையைச் சலசலக்க வைக்கும் தேரிக் காற்று அது, அவளுக்கு நன்றாய்த் தெரிந்த காற்று. அதற்கு அப்பால் நாய்கள் குரைத்தன, தெரியாத பாஷையில் யாரோ கத்தினார்கள், ஒரு பெண் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ரூபனின் பனிவண்டி கரைக்கு மிக அருகில், பியூலாவின் சன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், ஏரிக்கு உள்ளே போயிருந்தது.

ஆறுதல்புரம் இதையும் ஏற்றுக்கொண்டது. கோயிலில் இரங்கல் ஆராதனை நடந்தது, ரூபனின் தகப்பனாரைத் தாங்கிப் பிடித்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கமிட்டி கூடி, அந்தப் பாட்டை இனிப் பாடுவதில்லை என்று முடிவெடுத்தது. லிங்கதுரை மப்ளர்களை உள்ளே வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்து மாட்டினார். ஒருவராவது மேபலைப் பழித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இளைப்பாறுதலாய் இருந்திருக்கும், யாரும் பழிக்கவில்லை. வாக்குக் கொடுத்த வீட்டில் பாட்டைக் குறைக்கமுடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்த நியாயமாக இருந்தது. பியூலாகூட, "நான்தானக்கா பாடினேன்" என்றாள். அதைத்தான் மேபலால் தாங்கமுடியவில்லை.

"இங்க வந்திரு பிள்ள. நான் உன்னை வச்சிப் பாத்துக்கிடுதேன்."

"இல்லக்கா. ஏரி திரும்ப இறுகணும். அதைப் பாக்காம வரமாட்டேன்."

பாளம் உருகவில்லை. சித்திரை வெயிலிலும் அது அப்படியே கிடந்தது. செல்லப்பூ முதல் சில வாரம் முள்வேலி போட்டு மறைத்தாள், பிறகு வேலியை எடுத்துவிட்டாள். கோழிகள் அதைச் சுற்றிப்போகப் பழகின. மகள் கல்யாணப் பந்தலுக்கு அதன்மேல்தான் கால் ஊன்றினார்கள், ஜமக்காளம் விரித்துப் பெரியவர்களை உட்காரவைத்தார்கள். ஆனால் செல்லப்பூ அதன்பின் மேபலிடம் கேலி பேசவில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் வந்து, "டீச்சர், இதைத் திருப்பி அனுப்ப வழி உண்டா? எனக்கு இதுல கால் வைக்கக் கூசுது" என்று கேட்டாள். மேபல் அவளோடு போய், பாளத்தின் ஓரத்தில் நின்று, விலக்கப்பட்ட அந்தப் பாட்டைத் தனியாகப் பாடிப் பார்த்தாள். ஐந்து சரணமும் பாடினாள். வெயில் அடித்தது, காகம் கரைந்தது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் குரல் இல்லாமல் எதுவும் எங்கும் போகாது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கேரல் குழு வேறு பாட்டுகளைப் பாடிக்கொண்டு வியர்வையோடு செல்லப்பூவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, மேபலின் கைப்பேசி அடித்தது.

"ஏரி இறுகிட்டுக்கா" என்றாள் பியூலா. "இன்னைக்குத்தான் வண்டி போகலாம்னு கொடி நட்டாவ. நான் இன்னும் கால் வைக்கல." பிறகு, யாரோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செல்லப்பூக்கா வீட்டு ஐஸு இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"ஆளு நின்னா தாங்குதா?"

மேபல் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாளத்தின்மேல் ஏறினாள். நடுவில் போய் நின்றாள். பிறகு கைகாட்டிக் குழுவைக் கூப்பிட்டாள். அவர்கள் ஏன் என்று கேட்காமல் ஏறினார்கள், டிரம்மோடு, கிடாரோடு. கிறிஸ்துமஸ் தாத்தா கனத்த உடம்போடு ஏறினார், ஞானாபரணம் ஏறினார், செல்லப்பூ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஏறினாள். அத்தனை பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். காலுக்கு அடியில் ஒரு கீறல் விழவில்லை, ஒரு முனகல் கேட்கவில்லை.

"தாங்குது பியூலா" என்றாள் மேபல்.

மேபல் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, தங்கை ஏரியில் கால் வைக்கும் சத்தத்துக்காக, பாதங்கள் விறைத்து உணர்விழந்த பின்னும், மற்றவர்கள் ஒவ்வொருவராய் இறங்கிப்போன பின்னும், அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.